செட்டிநாட்டு முற்றமும் கணினி மாதிரியும்

தமிழகத்தின் கல்வி வரலாற்றில் காரைக்குடிக்குத் தனியிடம் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பண்டித நேரு அங்கு அடிக்கல் நாட்டினார். அதற்கென வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அந்நிலையத்தைத் திறந்துவைத்தார். அதற்கு முந்திய ஆண்டான 1952இலேயே வள்ளலின் பெயர் தாங்கிய பொறியியல் கல்லூரியும் தோன்றிவிட்டது. இராமநாதபுரக் கரையோரத்தில் 1984இல் கீழக்கரை முஹம்மது சதக் பொறியியல் கல்லூரி எழுந்தது. வானம் பார்த்த பூமி எனப்பட்ட இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று பொறியியல் பயில வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு பயிலும் மாணவர் அனைவரும் இறுதியாண்டில் ஒரு வடிவமைப்புச் செயல்திட்டத்தை நிறைவேற்றியாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் அது வரைபலகையிலும் பட்டறையிலும் நடந்தது. இன்று பெரும்பகுதி கணினித் திரையில் நடக்கிறது. பாலமாயினும் பம்பாயினும் வீட்டுக் கூரையாயினும், அதன் வடிவைக் கணினியில் அமைத்து, அதன்மீது சுமையையோ வெப்பத்தையோ காற்றையோ செலுத்தி, விளைவை வண்ணப் படமாகக் காண முடிகிறது. சிவப்பு மிகுதியையும் நீலம் குறைவையும் காட்டும். அப்படத்தை அறிக்கையில் ஒட்டினால் பணி முடிந்தது என்னும் எண்ணம் பரவியுள்ளது. ஆயத்தச் செயல்திட்டங்களை விலைக்குத் தரும் கடைகளும் ஊருக்கு ஊர் பெருகிவிட்டன.

கணினி தந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கூறத் தெரிந்தவரே மாதிரியாக்கம் கற்றவர். படம் வரைவிக்கத் தெரிந்தவரை அவ்வாறு கூற இயலாது. இவ்வேறுபாட்டை உலக நிகழ்ச்சிகள் சிலவற்றாலும், செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கொண்டு செய்யத்தக்க கணக்குகளாலும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரி என்பது யாது?

ஒன்றைச் செய்யுமுன் அதன் சிறு உருவைச் செய்து பார்ப்பது பழைய வழக்கம். 1206ஆம் ஆண்டு வாக்கில் தம் பொறிநூலை நிறைவுசெய்த அல் ஜஸரீ, கருவிகளின் வடிவை முதலில் காகித மாதிரிகளில் நிறுவிக்கொண்ட பின்னரே உலோகத்தில் கைவைத்தார். கணினி மாதிரியும் அவ்வகையானதே. அங்கே காகிதம் நின்ற இடத்தில் இங்கே சமன்பாடுகள் நிற்கின்றன.

வெப்பம் சுவரில் பரவுவதையும், பாரத்தால் உத்தரம் வளைவதையும், காற்று அறைக்குள் சுழல்வதையும் விவரிக்கும் சமன்பாடுகள் நெடுங்காலமாக நமக்குத் தெரிந்தவையே. சதுரம், வட்டம் போன்ற எளிய வடிவங்களுக்கு அவற்றைக் கையாலேயே தீர்க்கலாம். தூணும் வளைவும் திறப்பும் கொண்ட உண்மையான கட்டடத்துக்கு அவ்வாறு தீர்க்க இயலாது. எனவே பொருளைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எளிய சமன்பாடு ஒன்றை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கின்றனர். இதன் கருவை 1943இல் கணித அறிஞர் கூரண்ட் வெளியிட்டார். 1956இல் டர்னர், கிளஃப் முதலியோர் விமானக் கட்டமைப்புக்கு இதனைப் பயன்படுத்தினர். 1960இல் கிளஃப் இதற்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று பெயரிட்டார். சிறுகூறு முறை என்று நாம் இதனைச் சொல்லலாம். காற்றோட்டத்துக்கும் நீரோட்டத்துக்கும் இதற்கு இணையான முறைகள் உள்ளன. இலட்சக்கணக்கான சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் நெறியை 'அல்காரிதம்' என்கிறோம். அச்சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். பொருளைக் கூறுகளாகப் பிரித்த கணமே விடை தோராயமாகிவிடுகிறது. கூறுகள் பெரியனவாயின் பிழை பெரிது. சிறியனவாயின் பிழை சிறிது. கணினி எவ்வளவு விரைவாக இயங்கினும் இப்பிழை முற்றிலும் மறைவதில்லை.

ஜித்தாவின் கூடாரங்கள்

கணினியின் துணையின்றி அமைத்திருக்கவே இயலாத படைப்புகளும் உண்டு. ஹஜ் பயணிகளுக்காக ஜித்தா விமான நிலையத்தில் 1981இல் திறக்கப்பட்ட முனையம் அவற்றுள் ஒன்று. டாக்காவில் 1929இல் பிறந்து, சிகாகோவின் வானளாவிய கட்டடங்களால் புகழ்பெற்ற பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும், கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்டும் அதனை உருவாக்கினர். டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியாலான 210 கூடாரங்கள் வரிசை வரிசையாக அங்கே நிற்கின்றன. 1983இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இத்தகைய துணிக் கூரையின் வடிவை வரைபவர் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. நான்கு புறமும் இழுக்கப்பட்ட துணி, இழுவிசைகள் சமநிலை எய்தும் ஒரே வடிவில்தான் நிற்கும். அவ்வடிவைக் கணக்கிட்டே கண்டறிய வேண்டும். அதற்குக் கணினி இன்றியமையாதது. ஆயினும் எந்த விசைகள் செயற்படுகின்றன, துணி எவ்வளவு நீளும் என்பவற்றைப் பொறியாளரே கூறியாக வேண்டும். அங்கே பிழை நேர்ந்தால் எத்துணைப் பெரிய கணினியும் காப்பாற்றாது.

கடலில் மூழ்கிய கணக்கு

அத்தகைய பிழைக்குச் சான்றாக உலகெங்கும் பொறியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுவது நார்வே நாட்டின் ஸ்லெய்ப்னர் நிகழ்ச்சியாகும். கடலடி எரிவாயு எடுப்பதற்கான மேடையொன்றைத் தாங்க, 24 அறைகள் கொண்ட மாபெரும் கான்கிரீட் அடித்தளத்தை அங்கே கட்டினர். 1991 ஆகஸ்ட் 23ஆம் நாள் ஸ்டாவாங்கர் நகருக்கு அருகே அதனை நீருள் மெல்லத் தாழ்த்திச் சோதித்தபோது சுவர் ஒன்று பிளந்தது. அடித்தளம் முழுவதும் கடலடியில் மோதி நொறுங்கியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. மொத்த இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

காரணத்தை ஆராய்ந்தபோது, புகழ்பெற்ற மென்பொருள் ஒன்றினால் செய்த சிறுகூறு ஆய்வில், அறைகள் சந்திக்கும் மூலைகளில் கூறுகள் தக்கவாறு அமைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அதனால் அங்கு ஏற்படும் வெட்டுவிசைத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டது. சுவர் போதிய கனமின்றிக் கட்டப்பட்டது. கம்பி அமைப்பும் போதாமற் போயிற்று. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த ஆய்வு, 62 மீட்டர் ஆழத்தில் அச்சுவர் உடையும் என்று காட்டியது. உண்மையில் உடைந்தது 65 மீட்டர் ஆழத்தில். முதன்முறையே இந்தக் கவனம் இருந்திருப்பின் அடித்தளம் பிழைத்திருக்கும். கேட்ட வினாவுக்குத்தான் கணினி விடையளித்தது. வினாவில்தான் குறை இருந்தது.

கல்லூரியிலேயே இப்பாடத்தைச் சிறு அளவில் கண்கூடாகக் காணலாம். ஒரு மீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பட்டையின் ஒரு முனையைச் சுவரில் பதித்து, மறுமுனையில் 100 நியூட்டன் சுமையை, அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தொங்கவிடுவதாகக் கொள்வோம். எல்லாப் பாடநூலிலும் உள்ள சூத்திரப்படி முனை 40 மில்லிமீட்டர் தாழும். இதே பட்டையைக் கனத்தின் குறுக்கே ஒரே அடுக்கு கொண்ட எளிய கனசெவ்வகக் கூறுகளால் கணினியில் அமைத்தால், பல மென்பொருள்களில் விடை இதைவிட மிகக் குறைவாக வரும். அவ்வகைக் கூறுகள் வளையும் தன்மையைச் சரியாகக் காட்ட மாட்டா. வண்ணப் படம் அப்போதும் அழகாகவே இருக்கும். விடை தெரிந்த கணக்கில் முதலில் இதனைக் கண்டுணர்ந்த மாணவர், விடை தெரியாத கணக்கில் எச்சரிக்கையாக இருப்பார்.

முதலில் பிழையின் எல்லை

சமர்கந்தில் உலூக் பேக்கின் அவையில் விளங்கிய ஜம்ஷீத் அல் காஷீ, ஹிஜ்ரி 827இல், அதாவது 1424இல், வட்டத்தின் சுற்றளவு பற்றிய நூலை நிறைவுசெய்தார். வட்டத்துள் 80,53,06,368 பக்கங்கள் கொண்ட பல்கோணத்தைக் கற்பித்து, 2π-இன் மதிப்பை 16 தசம இடங்கள் வரை சரியாகக் கண்டார். இதில் அவர் மேற்கொண்ட முறையே நமக்கு முதன்மையானது. கணக்கைத் தொடங்குமுன்பே, எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்று அவர் வரையறுத்துக்கொண்டார். பூமியின் விட்டத்தைப்போல் 6,00,000 மடங்கு விட்டமுள்ள வட்டத்தை எடுத்தாலும், சுற்றளவில் நேரும் பிழை ஒரு குதிரை மயிரின் தடிமனுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பதே அவர் விதித்த வரம்பு. எத்தனை பக்கங்கள் வேண்டும், எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்பவற்றை அவ்வரம்பிலிருந்தே தீர்மானித்தார்.

மாணவரின் செயல்திட்டத்துக்கு இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை. அறையின் வெப்பநிலையைக் கணிக்கப் போகிறோமா? ஒரு பாகைப் பிழை நம் முடிவை மாற்றுமா, மாற்றாதா என்று முதலில் கேட்க வேண்டும். அரைப் பாகை போதுமெனில் கூறுகளை மேன்மேலும் நுணுக்குவது வீண். முப்பரிமாணத்தில் கூற்றின் அளவைப் பாதியாக்கினால் கூறுகளின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு ஒரு முழு நாளையும் விழுங்கக்கூடும்.

வளவின் காற்று

இனி, நெறி முழுவதையும் உள்ளூர்ப் பொருளொன்றில் பொருத்திப் பார்ப்போம். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெரு வரை நீளும் செட்டிநாட்டு வீடுகள் உலகப் புகழ் பெற்றவை. பர்மாத் தேக்குத் தூண்களும், சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கற்களும், நடுவே வானம் நோக்கித் திறந்த முற்றமும் அவற்றின் சிறப்புகள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. கோடையிலும் இவ்வீடுகள் குளிர்ச்சியாக இருப்பதேன் என்பது மாணவர் பலர் விரும்பி எடுக்கும் தலைப்பு. தடித்த சுவர் வெப்பத்தைத் தடுக்கிறது, சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேறுகிறது என்று இரு காரணங்களை எல்லோரும் கூறுவர். மென்பொருளைத் தொடுமுன் இவ்விரண்டையும் காகிதத்தில் சோதிக்கலாம்.

முதலில் சுவர். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் ஓர் அலைபோலச் சுவருக்குள் புகுகிறது. பொதுவான செங்கல்லில் இவ்வலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் செல்வதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குத் தேய்ந்துவிடும். சுவரின் கனம் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மறுபுறத்தை எட்டுவது தொடக்க ஏற்றத்தாழ்வில் 2 விழுக்காடு மட்டுமே. அதுவும் 14 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, அதாவது பிற்பகல் இரண்டு மணியின் சூடு மறுநாள் விடியற்காலையில் வந்து சேரும். எனவே முதற்காரணம் கணக்கில் உறுதிப்படுகிறது.

அடுத்து முற்றம். முற்றத்தின் வாய் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் உள்ளதென்றும், வீட்டின் உட்காற்று வெளிக்காற்றைவிட 5 பாகை கூடுதல் வெப்பமுடையதென்றும் கொள்வோம். அதனால் தோன்றும் மேலிழுப்பு அழுத்தம் ஏறத்தாழ 1.2 பாஸ்கல். விநாடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள இளங்காற்று சுவரில் நேரே மோதினால் 2.4 பாஸ்கல் அழுத்தம் தரவல்லது. அதாவது, மெல்லிய காற்றுகூட மேலிழுப்பைவிட இரு மடங்கு வலியது. காற்றின் வேகத்தையும் திசையையும் கருதாமல் செய்யும் எந்த மாதிரியும் முற்றத்தைப் பற்றிச் சரியாகப் பேச இயலாது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. சூடான காற்று மேலேறி வெளியேற வேண்டுமாயின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சூடாக இருக்க வேண்டும். நண்பகலில் வீடு வெளியைவிடக் குளிர்ந்திருப்பதைத்தானே நாம் வியக்கிறோம்! அப்படியாயின் அந்நேரத்தில் காற்றோட்டம் திசைமாற வாய்ப்புண்டு. குளிர்ந்த காற்று தாழ்வான வாயில்கள் வழியே வெளியேற, மேலிருந்து வெங்காற்று இறங்கலாம். வெயில் நேரே விழும் முற்றத் தரை சூடேறி, அங்கே மட்டும் காற்றை எழுப்பவும் கூடும். இரவில் திறந்த வானை நோக்கித் தரை வெப்பத்தை வெளிவிட்டுக் குளிர்வது வேறொரு விளைவு. பகலில் வெளிக்கதவுகளை அடைத்து வைப்பதா, திறந்து வைப்பதா என்பதைப் பொறுத்தும் விடை மாறும். வாய்ப்பாடாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம் இங்கே ஒரு நல்ல ஆய்வு வினாவாக மாறுகிறது. நாளின் எந்நேரத்தில், எக்கதவுகள் திறந்திருக்கையில், காற்று எத்திசையில் செல்கிறது? இவ்வினாவுக்கு விடை காண மட்டுமே கணினி தேவைப்படுகிறது.

ஐந்து படிகள்

முதற்படி, அளத்தல். வீட்டார் அனுமதியுடன் நாடா கொண்டு அறைகளையும் திறப்புகளையும் அளந்து, வடிவைக் கணினியில் அமைக்க வேண்டும். தூணின் செதுக்கு வேலை காற்றோட்டத்துக்கு வேண்டியதில்லை. கதவின் அகலம் கட்டாயம் வேண்டும். எதை விடுவது, எதைக் கொள்வது என்ற தேர்வைக் காரணத்துடன் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாம் படி, எல்லை நிபந்தனை. வெளிவெப்பம், வெயில், காற்று ஆகியவை எவ்வாறு வந்து சேர்கின்றன என்று கணினிக்குக் கூறுவதே இது. பெரும்பாலான பிழைகள் பிறக்குமிடமும் இதுவே.

மூன்றாம் படி, கூறுகளின் சோதனை. ஒரே கணக்கை மூன்று அளவுக் கூறுகளால் செய்ய வேண்டும். வாயிலில் காற்றின் வேகம் முறையே விநாடிக்கு 1.60, 1.40, 1.35 மீட்டர் என வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கூற்றின் அளவு பாதியாக, வேறுபாடு 0.20இலிருந்து 0.05ஆக, நான்கில் ஒன்றாகக் குறைந்துள்ளது. விடை 1.33ஐ நோக்கி அடங்குகிறது என்று துணியலாம். இவ்வாறு அடங்காத விடையை அறிக்கையில் சேர்த்தல் கூடாது.

நான்காம் படி, ஒப்பிடுதல். வீட்டில் நான்கைந்து இடங்களில் வெப்பமானிகளை வைத்து, ஒரு வாரம் மணிக்கொருமுறை குறித்து, கணினி கூறிய அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் படி, சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்று காட்டும். நான்காம் படி, சரியான சமன்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டோமா என்று காட்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒப்பீட்டில் வேறுபாடு தோன்றினால் அளவை மறைப்பதும், ஒத்துவரும்வரை எண்களைத் திருத்துவதும் அறிவுக்கு இழைக்கும் துரோகமாகும்.

ஐந்தாம் படி, வடிவமைப்பு. சரிபார்க்கப்பட்ட மாதிரியில் முற்றத்தின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் மாற்றிப் பார்த்து, இன்றைய சிறு மனையில் கட்டும் வீட்டுக்கு ஏற்ற அளவுகளைக் கூறலாம். முதல் நான்கு படிகளைத் தாண்டி நேரே இதற்கு வருபவரே மிகுதி.

கருவிகளும் பயிற்சியும்

விலையுயர்ந்த மென்பொருள் இல்லையே என்னும் குறை இன்று பொருந்தாது. வடிவமைக்க ஃப்ரீகேட், கட்டடத்தின் வெப்பக் கணக்குக்கு அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ், காற்றோட்டத்துக்கு 2004இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த ஓப்பன்ஃபோம் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின்வழி ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பயிற்சிகள் தமிழிலும் உள்ளன. கட்டற்ற மென்பொருளில் உட்கணக்கு திறந்தே கிடப்பதால், எந்தச் சமன்பாடு தீர்க்கப்படுகிறது என்பதை மாணவர் தாமே படித்தறியலாம்.

கற்கும் வரிசையும் முக்கியம். மூன்றாம் பருவத்திலேயே, மேற்கூறிய எஃகுப் பட்டை போன்று விடை தெரிந்த கணக்குகளைச் செய்து பழக வேண்டும். பின்னர் ஆய்வகத்தில் அளக்கத்தக்க ஒன்றை மாதிரியாக்க வேண்டும். இறுதியாண்டில்தான் சொந்த வடிவமைப்பு. வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்ததும் 'இவ்விடையில் பிழை எவ்வளவு, அதை எவ்வாறு அறிந்தாய்?' என்று முதல் வினாவாகக் கேட்பீராக. கடையில் வாங்கிய அறிக்கை அந்த ஒரு வினாவில் வெளிப்பட்டுவிடும்.

இப்பணிக்குக் காலமும் நெருக்குகிறது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. பிரிக்கப்பட்டுத் தூணும் நிலையும் விலைபோனவையும் பல. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளும் வேகமாக மறைந்து வருகின்றன. நான்கு மாணவர் ஒரு கோடையில் ஒரு வீட்டை அளந்து, வெப்பம் குறித்து, பிழையின் எல்லையோடு மாதிரியாக்கி வைத்தால், வீடு இடிந்த பின்னும் அதன் அறிவு நிலைத்திருக்கும். அவ்வறிக்கையில் வண்ணப் படங்கள் இரண்டே இருந்தாலும் போதும். அளவுகளின் பட்டியலும், கொண்ட கருதுகோள்களும், கணக்குக்கும் அளவுக்கும் இடையிலான வேறுபாடும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்வரும் மாணவர் அங்கிருந்து தொடங்குவர்.